கருப்பட்டி போடாத பீப்பாய்

மதினி,

வாசலில் இரண்டு பிளாஸ்டிக் வாளிகள் இருக்கின்றன. இரண்டிலும் ஏலச்செடிக்கு அடிக்கிற நீல மருந்து. கடையில் மயில்துத்தம் என்று கேட்டு வாங்கின ஒரே துருசு, ஒரே சுண்ணாம்பு, ஒரே குழாய்த் தண்ணீர். இரண்டையும் நானே கரைத்தேன். ஒன்றில் மட்டும் ஒரு துண்டு கருப்பட்டி போட்டிருக்கிறேன். மேலே பலகை வைத்து, ஒன்றின் மேல் அம்மிக்குழவியையும் மற்றதன் மேல் செங்கல்லையும் ஏற்றிவிட்டேன். நாளைக் காலை வரைக்கும் யாரும் தொடக்கூடாது என்று வீட்டில் சொல்லியாயிற்று. மகன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனான்.

சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றினதும் அந்தச் சீறலும் அந்தச் சூட்டு வாசனையும் எழுந்தன. அழுகை வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது. உங்கள் மேல்தான். செத்துப் போனவர்கள் மேல் கோபப்படக் கூடாதாம். போன தை மாதம் போடியிலிருந்து உங்கள் சேதி வந்தபோது எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. "எட்டாங்கிளாஸ் திமிரு ஒனக்கு" என்று நீங்களே எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள். அந்தத் திமிரோடுதான் இந்தக் காகிதத்தை எடுத்து உட்கார்ந்திருக்கிறேன்.

நம் கதையை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் நீங்கள் உங்கள் பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம் சாந்தன்பாறைக்கு மேலே அந்த ஏலத்தோட்டத்துக்கு நாங்கள் வந்தபோது எங்களுக்கு நிற்க இடமில்லை. என் வீட்டுக்காரர் காலை ஒடித்துக்கொண்டு கிடந்தார். கையில் ஆறு மாதப் பிள்ளை. நான் தற்காலிக ஆள், தற்காலிக ஆளுக்குத் தோட்டத்து லயத்து வரிசையில் வீடு கிடையாது. நீங்கள் நிரந்தர ஆள். மரம் விழுந்து உங்கள் வீட்டுக்காரர் போன பிறகு லயத்து அறை உங்கள் பெயரில் இருந்தது. ஒரே அறை. நடுவில் ஒரு சேலையைக் கட்டி முன்பாதியை எங்களுக்கு விட்டீர்கள். நாம் சொந்தம் இல்லை. இருவரும் திருநெல்வேலிப் பக்கம் என்பதைத் தவிர ஒரு தொடுப்பும் இல்லை. முதல் நாளே நான் மதினி என்றேன், நீங்கள் ஏட்டி என்றீர்கள், அதோடு சரியாகிவிட்டது.

உங்களுக்கு வேலை மருந்து கலக்குவது. மழைக்காலத்தில் ஏலக்காயில் அழுகல் விழாமல் இருக்க அந்த நீல மருந்துதான் தோட்டத்துக்குக் காவல். துருசை ஒரு மண் தொட்டியில் கரைப்பீர்கள், சுண்ணாம்பை இன்னொன்றில் நீற்றுவீர்கள். பழைய வேட்டித் துணியில் இரண்டையும் வடிகட்டி, சுண்ணாம்புப் பாலைப் பீப்பாயில் ஊற்றி, அதற்குள் துருசுத் தண்ணீரை மெல்ல மெல்ல விடுவீர்கள். நான் கம்பு வைத்துக் கலக்கிக்கொண்டே இருக்கவேண்டும். மாற்றி ஊற்றினாலும், அவசரப்பட்டாலும் மருந்து மணலாகிக் கீழே போய்விடும் என்பீர்கள். நன்றாகக் கூடி வந்த மருந்தை வாளியில் மொண்டால் தயிர்த் தண்ணீர் மாதிரி அப்படியே நிற்கும், அடியில் தங்காது. பிறகு ஒரு பழைய கத்தியை அதில் முக்கி எடுப்பீர்கள். கத்தியில் செம்பு நிறம் ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை. உங்கள் மருந்தில் ஒருநாளும் ஏறி நான் பார்த்ததில்லை.

எல்லாம் முடிந்ததும் மடியிலிருந்து உள்ளங்கை அளவு கருப்பட்டியை எடுப்பீர்கள். ஊரிலிருந்து யார் வந்தாலும் ஓலைக்கொட்டானில் உங்களுக்கு உடன்குடிக் கருப்பட்டி வரும். காப்பிக்கு இல்லாவிட்டாலும் பீப்பாய்க்கு இருக்கும். கிழக்கே பார்த்து மாடசாமியைக் கும்பிட்டுவிட்டுத் தொபுக்கென்று உள்ளே போடுவீர்கள். ஏன் என்று நான் கேட்டபோது, "மருந்து குடிக்கிற செடிக்கும் வாய் கசக்கும்லா" என்றீர்கள். நான் சிரித்துச் சிரித்துக் கம்பைத் தவறவிடப் பார்த்தேன். எட்டாங்கிளாஸ் படித்தவளுக்கு இதெல்லாம் வேடிக்கை. கலக்குகிற மற்றப் பெண்களிடமும் சொல்லிச் சிரித்தேன்.

பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டால் பாதிப் பீப்பாய் மருந்து மிஞ்சிவிடும். மறுநாள் வெயில் வந்ததும் அதையே ஒரு கலக்குக் கலக்கி அடிப்போம். ஒன்றும் ஆகாது. முதல்நாள் இருந்த மாதிரியே இருக்கும். ஏன் அப்படி இருக்கிறது என்று யாரும் யோசிக்கவில்லை. மருந்தென்றால் ஒருநாள் நிற்கும் என்றே தோட்டம் முழுக்கப் பழகிப்போயிருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மதினி, எல்லாம் இதில்தான் இருக்கிறது.

அந்த ஆடியில் புது சூப்பர்வைசர் வந்தார். சின்ன வயசு, எங்கோ படிப்பு முடித்துவிட்டு நேரே வந்தவர், சட்டைப்பையில் நோட்டுப் புத்தகம். கெட்டவர் என்று அப்போது தோன்றவில்லை. நோட்டைப் பார்த்துத் துருசு எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று எங்களோடு சேர்ந்து அளந்தார். நீங்கள் கருப்பட்டியை எடுத்ததும் அவர் முகம் மாறியது. "இது மருந்தாணு, பாயசமல்ல" என்றார். அவர் நோட்டில் கருப்பட்டி இல்லை.

முதலில் சிரித்தது நான். அவர்கூடப் பிறகுதான் சிரித்தார். நீங்கள் என்னைத்தான் பார்த்தீர்கள், அவரைப் பார்க்கவில்லை. கருப்பட்டியை மறுபடி மடியில் வைத்துக்கொண்டு சுண்ணாம்புத் தொட்டியைக் கழுவப் போனீர்கள். அந்தச் சிரிப்புக்காக நீங்கள் என்னை அன்றைக்கே நாலு வார்த்தை ஏசியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

அன்று இரண்டு பீப்பாய் கலந்தோம். கத்தியை முக்கி அவரிடமே காட்டினீர்கள், செம்பு ஏறவில்லை, தலையாட்டினார். மத்தியானம் மழை கொட்டியது. ஒன்றரைப் பீப்பாய் மிச்சம். மறுநாள் காலை வெயில் வந்தது. மூடியைத் திறந்தால் மேலே தெளிந்த தண்ணீர், கீழே நீலச் சேறு. நீங்கள் கையை விட்டு அள்ளி விரலால் தேய்த்துப் பார்த்தீர்கள். நறநறவென்றது. இதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கவேண்டும் என்று அவரிடம் சொன்னீர்கள். இதுவரைக்கும் மறுநாள் அடித்துத்தானே வந்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்டார். நீங்கள் சேறு ஒட்டின விரலை மறுபடி நீட்டிக் காட்டினீர்கள். நன்றாகக் கலக்கி அடிக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் கலக்கினேன். அன்று கலக்கின மாதிரி வாழ்க்கையில் கலக்கினதில்லை. உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம் வந்து உடைந்தது. சுழற்றும்போது நீலமாக எழும்பும், வாளியில் மொண்டு பம்பு ஆட்களிடம் கொடுப்பதற்குள் விழுந்துவிடும். மேலே மொண்டது வெறும் தண்ணீராகப் போனது, கடைசியில் அடியில் வழித்தது கூழாகப் போனது. மேட்டுச் செடிகளுக்குத் தண்ணீர், பள்ளத்துச் செடிகளுக்குக் கூழ். மூன்று வாரத்தில் மேட்டில் காயெல்லாம் அழுகி நாறியது. பள்ளத்தில் இலை கருகிக் காய்ச்சரமெல்லாம் காய்ந்து தொங்கியது. காய் எடுக்கிற நேரத்தில் ஒரு பெரிய சரிவின் விளைச்சலே போயிற்று.

மானேஜர் விசாரணை வைத்தார். கலக்கின ஆள் கம்பை விட்டிருக்கவேண்டும், அதனால்தான் மருந்து தங்கிவிட்டது என்று சூப்பர்வைசர் எழுதிக் கொடுத்திருந்தார். பழைய மருந்தை அடிக்கச் சொன்னதே தான் என்பதை எழுதவில்லை. அந்த மாதம்தான் என் பெயர் நிரந்தர ஆட்களின் பட்டியலில் ஏற வேண்டியது. ஏறினால் வேலை, லயத்தில் வீடு. ஏறாவிட்டால் ஒடிந்த காலோடு ஒரு மனிதனையும் கைப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு மலையிறங்க வேண்டியதுதான். யூனியன்காரர் எனக்காக ஒரு தாள் எழுதிக்கொண்டு வந்திருந்தார். முந்தின நாள் மருந்து, சூப்பர்வைசர் சொல்லித்தான் அடித்தோம் என்று நான் சொல்லவேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆபீஸ் வராந்தாவில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன்.

முதலில் உங்களைத்தான் கூப்பிட்டார்கள். கதவு திறந்தே இருந்தது.

"சுண்ணாம்பு நாந்தான் கம்மியாப் போட்டுட்டேன் சார். வேற யாரும் இதுக்குக் காரணம் இல்ல."

அவ்வளவுதான். என்னை உள்ளே கூப்பிடவே இல்லை. யூனியன்காரர் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தார். கத்தியில் செம்பு ஏறாததைத் தன் கண்ணால் பார்த்த சூப்பர்வைசர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சுண்ணாம்பு குறையவில்லை என்று அவருக்குத் தெரியும். அவருக்கு அது வசதியாக இருந்தது. அந்த ஆளை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. ஆனால் அவர் மேல் உள்ளது சாதாரணக் கோபம், ஓரிரு வருஷத்தில் ஆறிப்போகிற ஜாதி. உங்கள் மேல் உள்ளதுதான் ஆறவில்லை.

வேலை போயிற்று, வேலையோடு வீடும். ஒரு தகரப் பெட்டி, ஒரு பாய், அந்தக் கருப்பட்டிக் கொட்டான். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று நான் கேட்கக் கேட்கப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தீர்கள். பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுவிட்டு ஜீப்பில் ஏறினீர்கள். நடுவில் கட்டின சேலையைக்கூட அவிழ்க்கவில்லை. அடுத்த மாதம் என் பெயர் பட்டியலில் ஏறியது. எந்த வீட்டைக் கொடுத்தார்கள் தெரியுமா? உங்கள் வீட்டைத்தான். உங்கள் அடுப்பில் நான் சோறு பொங்கினேன். தண்ணீர்க் குழாயில் லயத்துப் பெண்கள் எனக்கு வழி விட்டார்கள், அவ்வளவுதான். வழி விட்ட விதத்தில் எல்லாம் இருந்தது. ஒருவரை ஒழித்துக்கட்டிவிட்டு அவர் வீட்டில் குடியேறினவள் என்ற பெயரை நீங்கள்தான் எனக்கு வாங்கிக் கொடுத்தீர்கள். உபகாரம் செய்கிறவர்கள் இதையெல்லாம் யோசிப்பதே இல்லை.

இரண்டு வருஷம் கழித்து போடிக்கு உங்களைத் தேடி வந்தேன். ஏலக்காய்க் கடை ஒன்றில் காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தீர்கள். நரைத்திருந்தது. முறத்தை ஒதுக்கிவைத்துவிட்டு எனக்கு டீ வாங்கி வந்தீர்கள். செய்யாத தப்பை ஏன் ஒத்துக்கொண்டீர்கள் என்று அப்போதும் கேட்டேன். நீங்கள் சுற்றிலும் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினீர்கள்.

"நீ கம்ப விட்டுட்டுப் போனத நான் பாத்தேம்ட்டி. நீ உள்ள போயிருந்தா மாட்டிக்கிட்டிருப்ப. பரவாயில்ல, போ."

"நான் விடவே இல்ல, மதினி."

நீங்கள் சிரித்தீர்கள். பிள்ளைகள் புளுகும்போது பெரியவர்கள் சிரிக்கிற சிரிப்பு. டீயைக் குடிடி, ஆறுது, என்றீர்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். என் கைக் கொப்புளத்தை ஒருநாளாவது பார்த்தீர்களா? நடந்தது என்ன என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? நீங்களாகவே என்னைக் குற்றவாளி ஆக்கி, நீங்களாகவே தண்டனையை வாங்கிக்கொண்டு, நீங்களாகவே மன்னித்தும்விட்டீர்கள். எனக்கென்று ஒரு வேலையும் மிச்சம் வைக்கவில்லை. அதற்குப் பிறகு நான் போடிக்கு வரவில்லை. போடிமெட்டில் பஸ் நிற்கும்போதெல்லாம் கீழே போடியைப் பார்ப்பேன், இறங்க மாட்டேன்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், மகன் இந்தத் துண்டு நிலத்தை வாங்கின புதிதில், ஒரு விவசாய ஆபீசர் எங்கள் பக்கம் கூட்டம் போட்டார். நீல மருந்து கலக்குவதைச் செய்து காட்டினார். அன்றன்றைக்குக் கலந்ததை அன்றன்றைக்கே அடித்துவிடவேண்டும், வைத்திருந்தால் மணலாகித் தங்கிவிடும், அப்புறம் எவ்வளவு கலக்கினாலும் நிற்காது என்றார். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். வைத்து அடித்தே ஆகவேண்டும் என்றால் கலந்த அன்றே கொஞ்சம் வெல்லம் போடுங்கள், மறுநாள் வரைக்கும் தாங்கும்.

நான் கூட்டத்தின் நடுவில் எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் காப்பி வேண்டுமா என்று கேட்டார். உங்கள் மாடசாமி, செடிக்கு வாய் கசக்கும் என்று நீங்கள் போட்ட கருப்பட்டி, அதுதான் இத்தனை வருஷமும் அந்தத் தோட்டத்து மருந்தைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. அது உங்களுக்கும் தெரியவில்லை, சூப்பர்வைசருக்கும் தெரியவில்லை, சிரித்த எனக்கும் தெரியவில்லை. கருப்பட்டியை நிறுத்தின முதல் நாளே மருந்து விழுந்துவிட்டது. அதை வைத்து ஆளுக்கு ஆள் குற்றம் தேடினோம்.

அன்றைக்கே பஸ் ஏறியிருக்கவேண்டும். போடி என்ன தூரம். உங்கள் தெரு தெரியும், பக்கத்து வீட்டுப் போன் நம்பர்கூட என்னிடம் இருந்தது. பன்னிரண்டு வருஷம் போகவில்லை. நீங்கள் வந்து கேளுங்கள், அப்புறம் சொல்கிறேன் என்று வீம்பு பிடித்திருந்ததாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய்.

நான் கம்பை விட்டேன், மதினி.

அன்று வெயில் ஏறினதும் மரத்தடித் தூளியில் பிள்ளை வீரிட்டு அழுதான். முதலில் கேட்காத மாதிரி இருந்தேன். அழுது அழுது குரல் கம்மிப்போனது. மார்பில் பால் கட்டி ரவிக்கை நனைந்துவிட்டது. கம்பைப் பீப்பாயில் சாய்த்துவிட்டு ஓடினேன். கால் மணி நேரம் இருக்கும். சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் நீங்கள் நின்றது எனக்கும் தெரியும். வந்து கம்பைப் பிடித்தது யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. யாரும் பிடிக்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. பால் கொடுக்கப் போனேன் என்று சொன்னால் வேலை நேரத்தில் ஆள் இல்லை என்று எழுதிவிடுவார்கள். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. போடியில் உங்களிடம் சொன்னது பச்சைப் பொய். கருப்பட்டி விஷயத்தைச் சொல்ல வந்தால் இதையும் சொல்லவேண்டும். அதனால்தான் வரவில்லை.

இனி நாளைக்கு எழுதுகிறேன். மகன் விளக்கைப் போட்டுவிட்டு, யாருக்கு இவ்வளவு எழுதுகிறாய் என்று கேட்டுவிட்டான். தூளியில் அழுத பயல் இவன்தான். ஒன்றுமில்லை என்றேன்.

காலையில் குளித்துவிட்டுத்தான் பலகைகளை எடுத்தேன். கருப்பட்டி போடாத வாளியில் பாதிக்கு மேல் தெளிந்த தண்ணீர், கீழே சேறு. விரலில் தேய்த்தேன், நறநறவென்றது. கருப்பட்டி போட்டதில் மேலே இரண்டு விரல் தண்ணீர் தெளிந்திருந்தது, மற்றபடி நேற்றைய நீலம் அப்படியே இருந்தது. ஒரு கம்பை எடுத்துக் கெட்ட வாளியை நூறு எண்ணுகிற வரைக்கும் கலக்கினேன். கம்பை எடுத்தேன். கண் முன்னாலேயே விழத் தொடங்கிவிட்டது. இன்னொரு நூறு. மறுபடி விழுந்தது. இந்த வயதில் அதற்கே கை வலித்தது. நான் விடாமல் பிடித்திருந்தாலும் அந்தச் சரிவு போயிருக்கும். அந்தக் கால் மணி நேரத்தால் ஒன்றும் கெடவில்லை. நீங்கள் வேலையையும் வீட்டையும் விட்டுக் காப்பாற்றினது ஒன்றும் இல்லாத ஒரு குற்றத்திலிருந்து. இதை நினைத்தால்தான் எனக்கு வாளியைக் காலால் எத்திவிடலாம் போல இருக்கிறது.

எத்தவில்லை. நல்ல வாளியை மகனிடம் கொடுத்து அடிக்கச் சொன்னேன். அதில் என்ன போட்டாய் என்று கேட்டான். கருப்பட்டி, செடிக்கு வாய் கசக்கும் என்றேன். அவன் சிரித்தான். நான் அவனை ஓங்கி ஒரு அதட்டு அதட்டினேன். பாவம், எதற்கென்று அவனுக்குத் தெரியாது. உங்கள் கொட்டான் மாதிரி ஒன்று இப்போது என் அடுப்படியிலும் தொங்குகிறது.

நீங்கள் பார்த்தது சரிதான், மதினி. கம்பை விட்டது நான்தான். மருந்து விழுந்தது அதனால் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துக் கேட்கவேண்டிய ஒரே ஆள் நீங்கள். அன்றைக்கு ஆபீஸ் கதவுக்கு இந்தப் பக்கம், உள்ளே போவதற்கு முன்னால், என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பொய்தான் சொல்லியிருப்பேன். இருந்தாலும் நீங்கள் கேட்டிருக்கவேண்டும்.